பல் பதிந்த ஜெட்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இட்டுக்கட்டிச் சொல்வதற்கு இது ஒன்றும் அழகான சமாச்சாரம் இல்லை. நடந்தது என் அத்தானுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு. நடந்தது பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னார்கள்?

அத்தான் மோட்டார் சைக்கிள் மெக்கானிக். கைராசிக்காரர். ஒரே ஒரு கண்றாவிப் பழக்கம்தான். கழற்றும் சாமானையெல்லாம் வாயில் வைத்துக்கொள்வார். திருகாணி உதட்டில், வாஷர் கன்னத்தில், ஜெட் பல்லிடுக்கில். ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற துளை போட்ட பித்தளைத் துண்டு. ஒரு பட்டாணி அளவுதான் இருக்கும். அதை வாயால் ஊதிப் பார்ப்பார். அடைப்பு இல்லையென்றால் மெல்லிய விசில் வரும். காற்றடிக்கும் மெஷின் பக்கத்திலேயே சும்மா நிற்கும்.

"ஒரு நாளைக்கு இருமும்போது உள்ள போயிடும். அப்புறம் நான் யார்கிட்ட போய் நிக்கிறது?" என்பாள் அக்கா.

"இருபது வருஷமா போகாதது இப்பப் போயிடுமாக்கும்?"

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க!"

சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. பேக்கரிக்காரர் ஒருவர் பழைய மோட்டார் சைக்கிளைக் குட்டி வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர்.

"ஷெட்டுல மூணு வருஷமா கிடந்துச்சு. சல்லிசா வந்துச்சுன்னு வாங்கிட்டேன். வலது பக்கம் ஒரே கரும்புகை. மூணு மணிக்கு வரட்டுமா?"

வேறு எதுவும் அவர் சொல்லவில்லை.

மதியம் 1:40. அத்தான் டேங்கை இறக்கினார். ஏர் ஃபில்டரைக் கழற்றினார். கிளாம்புகளைத் தளர்த்தினார். இடது கார்புரேட்டர் பூப்போல வந்தது. வலது வரவில்லை. ரப்பர் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆட்டி ஆட்டி இழுத்ததும் 'சளக்'கென்று வந்தது. கூடவே ஒரு நாற்றம். பழைய பெட்ரோலின் புளித்த நாற்றம் அவருக்கு அத்துப்படி. இது அதில்லை. பல நாள் பல் துலக்காத நோயாளி முகத்துக்கு நேராகக் கொட்டாவி விட்டது போல இருந்தது.

எதுவும் உள்ளே விழுந்துவிடக் கூடாதென்று என்ஜினின் இரண்டு துளைகளிலும் துணியைச் சுருட்டி அடைத்தார்.

1:52. வலது கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்தார். பெட்ரோலைக் காணோம். மஞ்சளாக, கெட்டியாக ஏதோ கிடந்தது. தொட்டால் நூல் நூலாக வந்தது. சளி.

வெதுவெதுப்பாக வேறு இருந்தது. காலையிலிருந்து யாரும் அந்த வண்டியை ஸ்டார்ட்டே செய்யவில்லை.

சீ என்று கையைக் காலில் தேய்த்தார். போகவில்லை. சோப்புப் போட்டார். நாற்றம் போகவில்லை. மூன்று முறை பெட்ரோல் ஊற்றிக் கிண்ணத்தைக் கழுவிவிட்டுப் பார்த்தால், ஜெட் இருக்க வேண்டிய இடம் காலி. அளந்து விட ஜெட் இல்லாமல் பெட்ரோல் கொட்டியிருக்கிறது; கரும்புகை ஏன் என்பது புரிந்துவிட்டது.

அத்தோடு விட்டிருக்கலாம். பழக்கம் விடுமா? ஜெட் மாட்டும் குழாய் அடைத்திருக்கிறதா என்று வாயை வைத்து ஊதினார்.

போகவில்லை.

இன்னும் அழுத்தி ஊதினார்.

உள்ளேயிருந்து... யாரோ திருப்பி ஊதினார்கள்.

சூடாக. ஈரமாக. ஒரு இருமல்.

நாக்கின் மேல் கெட்டியாக ஏதோ வந்து விழுந்தது. ஓங்கரித்துக்கொண்டு உள்ளங்கையில் துப்பினார். மஞ்சள் கோழைக்கு நடுவே ஒரு பித்தளை ஜெட். அதன் விளிம்பில் பல் பதிந்த தடம். அவருடைய பல் இல்லை. அவ்வளவு அகலப் பல் அவருக்குக் கிடையாது.

ஐந்து முறை வாய் கொப்பளித்தார். பிறகு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். குழாய்க்குள் சிக்கியிருந்திருக்கும், ஊதியதில் தெறித்திருக்கும். ஜெட்டைக் கழுவி, அதன் இடத்தில் முடுக்கி, கிண்ணத்தை மூடினார்.

2:25. திரும்ப மாட்டுவதற்காகத் துணிகளை உருவப் போனார். இடது துணி வைத்தது வைத்தபடி இருந்தது.

வலது துணி அசைந்தது.

உள்ளே போனது... வெளியே வந்தது...

உள்ளே... வெளியே...

என்ஜின் ஓடவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு உருவினார். சொட்டச் சொட்ட எச்சில்.

எப்படி மாட்டினார் என்று அவருக்கே தெரியாது. 2:48-க்கு உதைத்தார். ஒரே உதை. புகையே இல்லை. என்ஜின் வழுக்கிக்கொண்டு ஓடியது. பேக்கரிக்காரர் வந்து வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"இதுக்கு முன்னாடி இதைப் பார்த்த மெக்கானிக் யாரு?"

அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"சொன்னா நீங்க தொடமாட்டீங்கன்னுதான்... அந்த ஷெட்டுக்காரர்தான் பார்த்தாரு. ஜெட்டை வாயில வெச்சுக்கிட்டு வேலை செஞ்சிருக்காரு. இருமியிருக்காரு. மூச்சுக்குழல்ல போய் சிக்கிடுச்சாம். இந்த வண்டிக்குப் பக்கத்துலயே..."

"எடுத்துட்டாங்கல்ல?"

"ஆஸ்பத்திரியில எடுத்த எக்ஸ்ரேல தெளிவாத் தெரிஞ்சுதாம். உசுரே போயிடுச்சு, இனிமே எடுத்து என்னன்னு அப்படியே புதைச்சுட்டாங்க."

அத்தான் பாய்ந்து போய் வண்டியை அணைத்தார். கை சுடச் சுட வலது கிண்ணத்தைக் கழற்றினார்.

ஜெட்டின் இடம் காலி.

இது நடந்து எட்டு மாதமாகிறது. அத்தான் இப்போது எதையும் வாயில் வைப்பதில்லை. ஆனால் இருமுகிறார். சோறெல்லாம் பித்தளை வாடை அடிக்கிறதென்று தட்டைத் தள்ளிவிடுகிறார். "ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம், வாங்க" என்று அக்கா தினமும் அழுகிறாள். "நாளைக்கு" என்கிறார். அவருக்குப் பயம்.

போன ஞாயிறு மதியம் 1:52-க்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இருமினார். இருமி முடித்து மூச்சை இழுத்தபோது, நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய விசில் வந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் காதிலும் விழுந்திருந்தது.