மக்குமா, மக்காதா?

முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர், எந்தச் சந்து பொந்திலும் வழி தப்பியதில்லை. ஓய்வுபெற்ற பிறகு அவருக்குத் திக்குத் திசை தெரியாமல் போனது சமையலறையில்தான், இரண்டு வாளிகளுக்கு நடுவில். மக்கும் குப்பைக்குப் பச்சை வாளி, மக்காத குப்பைக்கு நீல வாளி.

அன்று காலை கையில் ஒரு தபால் உறை. காகிதம்தானே, பச்சை என்று குனிந்தார். முகவரி தெரிவதற்காக அதில் பிளாஸ்டிக் சன்னல் வைத்திருந்தது கண்ணில் பட்டது. அப்படியானால் நீலமா? கத்தரிக்கோலால் சன்னலை வெட்டியெடுத்தார். ஓரத்தில் காகிதமும் ஒட்டிக்கொண்டு வந்தது. நகத்தால் சுரண்டினார். இப்போது பசை மிச்சம். பசை மக்குமா, மக்காதா?

தெருவில் விசில் சத்தம் கேட்டது. அவர் இரண்டு வாளிகளையும் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் குப்பை வண்டி அடுத்த தெருவுக்குத் திரும்பிவிட்டது. ஒரு நாளும் தாமதமாக வண்டி எடுக்காத மனிதர் வாசலில் பேந்தப் பேந்த விழித்தார்.

பின்னாலேயே வந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு கவரைப் பிரிக்க அரை மணி நேரமா? உங்கள மாதிரி ஒரு மக்கு உலகத்துலயே கிடையாது."

அவருக்குக் கோபம் வரவில்லை, குழப்பம்தான் கூடியது. "மக்குன்னா நான் பச்சையிலதானே போகணும்?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாப்பது வருஷமா நானும் கரிச்சுக் கொட்டுறேன். கொஞ்சமாவது மக்கினீங்களா? நீலம்தான்."