ஐம்பத்திரண்டு மீட்டர்

வாகன ஆய்வு அலுவலகத்தில் இருபத்தொன்பது வருஷம் இன்ஸ்பெக்டராக வேலை பார்த்தவளுக்கு அங்கே வைத்த பெயர் பிரேக்கம்மா. எவ்வளவு பெரிய இடத்து வண்டியானாலும் பிரேக் சரியில்லை என்றால் கையெழுத்துப் போட மாட்டாள். சிபாரிசோடு வந்தவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள். கல்யாணப் பேச்சு தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் அந்தப் பேச்சை எடுக்கவே வீட்டில் ஆளில்லாமல் போயிற்று. ஓய்வு பெற்றபோது இரண்டு அறை வீடும், அப்பா விட்டுப்போன பழைய சாம்பல் நிறக் காரும்தான் மிச்சம். சில நாட்களில் பால்காரரிடம் "சரி" என்று சொன்னதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்படியில்லை. எதிர்வீட்டுப் பல் டாக்டர், மனைவியை இழந்தவர், தன் பச்சை நிறக் காரைக் கழுவத் தெருவுக்குக் கொண்டுவருவார். இரண்டு கார்களுக்கும் ஒரே வயசு. அவருடையது ஆறு சிலிண்டர், தொண்ணூறு குதிரைத்திறன். இவளுடையது நாலு சிலிண்டர், நாற்பதே நாற்பது.

"உங்க வண்டி மேட்டுல ஏறுறதுக்குள்ள நான் ரெண்டு பல்லு பிடுங்கிடுவேன்" என்பார் அவர்.

"உங்க வண்டி பெட்ரோல் குடிக்கிற சத்தம் எங்க வீட்டு வரைக்கும் கேக்குது, டாக்டர்" என்பாள் இவள்.

எடை, வேகம், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஆறு வருஷமாக வாதம் ஓடியது. திங்கட்கிழமையே அடுத்த வாரத்துக்கான பதிலை அவள் யோசிக்கத் தொடங்கிவிடுவாள்.

ஒருநாள் டாக்டர், வாய்ப்பேச்சு போதும், ஓட்டியே பார்த்துவிடலாம் என்றார். மூடிக் கிடந்த ஆலைக்குப் பின்னால் வண்டி வராத நேர்சாலை ஒன்று இருந்தது. ஸ்டாப்வாட்ச், அளவு டேப், சிவப்புத் துணி எல்லாம் எடுத்துக்கொண்டு காலையிலேயே போனார்கள்.

எண்பது கிலோமீட்டர் வேகம் எடுக்கப் பச்சைக்குப் பதின்மூன்று விநாடி ஆனது, சாம்பலுக்கு இருபத்துநாலு. டாக்டருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அடுத்தது பிரேக். அறுபதில் வரும் வண்டி ஒரு கல்லைத் தாண்டும்போது மற்றவர் துணியை இறக்க வேண்டும், அங்கிருந்து நிற்கும் தூரத்தை அளக்க வேண்டும். அவள் முப்பத்துநாலு மீட்டரில் நிறுத்தினாள். டாக்டர் நின்றது ஐம்பத்திரண்டில். மறுபடி ஓட்டினார். ஐம்பத்தொன்று.

அவள் சாவியைக் கேட்டு வாங்கி, அதே பச்சைக் காரை ஓட்டினாள். துணி இறங்கியதும் மிதித்தாள். டேப்பைப் பிடித்து அளந்தவர் டாக்டர்தான். முப்பத்தாறு.

டேப்பைச் சுற்றியபடி, என்ன சொல்வது என்று அவள் தடுமாறினாள். பிரேக்கில் கோளாறு என்று ஒரு பொய் சொன்னால் போதும், அடுத்த ஞாயிறும் இவர் வருவார். ஆனால் அவர் தினமும் பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் காரில் கடைக்குப் போகிறார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு, டாக்டர். உங்க வலது கால்தான் லேட்டா வருது. இனிமே ஓட்டாதீங்க."

அவர் சாவியை வாங்கிப் பச்சைக் காரைப் பூட்டினார். "பச்சையை அப்புறம் எடுத்துக்கலாம்" என்று சொல்லி, அவளுடைய காரில் வந்து உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறு எதிர்வீட்டு வாசல் மூடியே கிடந்தது. மாதம் முடிவதற்குள் பச்சைக் காரை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். மகள் வந்து டாக்டரைத் தன்னோடு அழைத்துப்போனாள். கிளம்பும்போது அவர் கையை மட்டும் உயர்த்தினார்.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் தொலைபேசியில் கூப்பிட்டார். காலில் நரம்புக் கோளாறாம், சிகிச்சை நடக்கிறதாம்.

"நீங்க சொன்னது சரிதான், இன்ஸ்பெக்டரம்மா."

சரியாகச் சொன்னாள் என்று இதற்கு முன் யாரும் அவளைக் கூப்பிட்டுச் சொன்னதில்லை. அவர் ஏதாவது கிண்டல் செய்வார் என்று காத்திருந்தாள். மகள் சாப்பிடக் கூப்பிடுவது கேட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனை வைத்தார். தன் சாம்பல் வண்டி லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் இப்போதும் கொடுக்கிறது என்று சொல்ல நினைத்திருந்தாள். கேட்க ஆளில்லை.