சாம்பல் நிறக் குதிரைக்குக் கொள்ளு

பரிகாரத்தை ஏற்கும்போது கேது குதிரையின் பல் அமைப்பையும் பார்ப்பாரா? எனக்குத் தெரியாது.

சிங்கப்பூரில் வாரக் கடைசியில் நான் உதவிக்குப் போகும் குதிரை லாயத்துக்கு நேற்று கிளமெண்டியிலிருந்து ஒருவர் வந்தார். கையில் தேக்கா சந்தையில் வாங்கிய கொள்ளுப் பாக்கெட். மகனுக்கு வேலை அமையவில்லையாம்.

"ஜோசியர் சாம்பல் நிறக் குதிரைக்குக் குடுக்கச் சொன்னாரு, சிஸ்டர்."

எங்களிடம் உள்ள ஒரே சாம்பல் நிறக் குதிரைக்குப் பிறவியிலேயே மேல்தாடை நீளம். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராது. ஊறவைத்துக் குழைத்த தீனிதான் கொடுக்கிறோம். ஆனால் யார் எதை நீட்டினாலும் வாய் வைத்துவிடும்.

"இதால மெல்ல முடியாது அண்ணே, தொண்டையில அடைச்சுக்கும். பக்கத்துல பழுப்புக் குதிரை நிக்குது, அதுக்குக் குடுங்க."

"கலர் மாறினா பலிக்காது லா."

"குதிரை செத்தா பலிக்குமா?"

பாக்கெட்டை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

இன்று காலை தூக்குச்சட்டியோடு வந்தார். உப்பில்லாமல் வேகவைத்து மசித்த கொள்ளு. சூடு ஆறிவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்து, அவரே ஊட்டினார். குதிரை அவர் உள்ளங்கையையும் நக்கியது.

"ஜோசியரைக் கேட்டேன் சிஸ்டர். வேகவச்சா பாதிப் பலன்தானாம். அதனால ரெண்டு மடங்கு வாரம் வரணுமாம்."

ஜோசியரின் எண்ணை வாங்கிக்கொண்டேன். லாயத்தில் சாணம் அள்ளவும் ஆள் வேண்டும். அது எந்தக் கிரகத்துக்கு உகந்தது என்று யாருக்காவது தெரியுமா?