அடிக்கிற அக்கா

கீபோர்டைத் துண்டிலிருந்து பிரித்ததும் அக்கா அதைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டுகிறார், புரையேறிய குழந்தைக்குத் தட்டுவதுபோல. பிஸ்கட் துகள் ஏதாவது உதிரும். உதிராவிட்டாலும் தட்டாமல் விடமாட்டார். பிறகு அதை மேஜைமேல் வைத்து, ஆள்காட்டி விரல்கள் இரண்டையும் அவற்றின் இடத்தில் நிறுத்தி, ஒரு தடவை கண்ணை மூடித் திறக்கிறார். "ம், இப்ப பேசச் சொல்லுங்க." அதுவரை சங்கத் தலைவரே ஆனாலும் வாயைத் திறக்கக்கூடாது.

மாடியில் ஒரு நீளக் கூடம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே கூடுகிறவர்கள் எல்லாரும் பாதி வாழ்க்கைவரை நன்றாகக் கேட்டுவிட்டு அப்புறம் காது போனவர்கள். பிறவியிலேயே கேளாதவர்களுக்குக் கைமொழி கைவந்திருக்கும். இவர்களுக்கு அதுவும் தெரியாது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதும் அரைகுறை. சிலர் காதில் கருவி மாட்டிச் சமாளிக்கிறார்கள். சிலருக்குக் கருவியும் உதவாது. அவர்களுக்காகத்தான் மூலையில் அக்கா. கூடத்தில் யார் என்ன பேசினாலும் பேசப் பேச அடிப்பார், அது சுவரில் தொங்கும் திரையில் எழுத்தாக ஓடும். "அடிக்கிற அக்கா வந்தாச்சா?" என்று உறுப்பினர்கள் சத்தமாகக் கேட்பதைப் பார்த்து, புதிதாகக் கூட்டிவரப்பட்ட ஒருவர் படியிலேயே நின்றுவிட்டதாக ஒரு கதை உண்டு. அக்காவே அதை நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பார்.

மற்ற நாட்களில் அவர் வக்கீல் ஆபீஸ் டைப்பிஸ்ட். பத்திரங்களும் மனுக்களும் அடிக்கிற இடம். "ஒரு கால் விட்டுப்போனா ஒருத்தன் வீடே போயிடும் தெரியுமா?" என்பார். அவர் சொல்லும் கால் எழுத்தின் பக்கத்தில் நிற்கும் கால். அந்த ஆபீஸில் அடித்து அடித்து அவருடைய வலது சுண்டுவிரலுக்குத் தனிப் புத்தியே வந்துவிட்டது. தப்பு விழுந்தது மனதுக்குத் தெரிவதற்குமுன் சுண்டுவிரல் பேக்ஸ்பேஸுக்குப் போய்த் திரும்பிவிடும். தான் அடித்த தாளில் யாரும் பேனாவால் திருத்தியதில்லை என்பது அக்காவின் பெருமை. கொஞ்சம் கர்வம் என்றே சொல்லலாம்.

முன் வரிசையில், திரைக்கு நேர் எதிரே உட்காருகிறவர் அவருடைய வீட்டுக்காரர். அச்சகத்தில் பெரிய இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று நின்று காதைப் பறிகொடுத்தவர். ஒரு காலத்தில் டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் நாலு பேர் சேர்ந்துவிடுவார்களாம். காது போனதும் பேச்சுக்கு நடுவே பக்கத்தில் இருப்பவரை இடித்து இடித்து "என்ன சொன்னாங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல நகர்ந்துகொண்டார்கள். இப்போது அவர் நாலு பேரோடு உட்காருவது இந்த ஞாயிற்றுக்கிழமையில் மட்டும்தான். தலைவர் ஜோக்கு அடித்தால் அக்காவின் விரல் கூடவே ஓடும். கூடம் சிரிக்கும்போது வீட்டுக்காரரும் சிரிப்பார், ஒரு மூச்சு பின்னால். அந்த ஒரு மூச்சை யாரும் கண்டுகொள்ளவில்லை.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வண்டியில் பிரவுசர் வந்து கல்லைப் போட்டது. எழுத்துகளைத் திரைக்கு அனுப்பும் அந்த இணையப் பக்கம், ஒருநாள் காலையில், பழைய பிரவுசரில் இனி வேலை செய்யமாட்டேன் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டது. சங்கத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லாரும் கம்ப்யூட்டர் சார் என்பார்கள். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதைத் தேடுகிற சுபாவம். அவர் வந்து புதிய பிரவுசர் ஒன்றைப் போட்டுக்கொடுத்து, "எல்லாம் ஒண்ணுதான் மேடம். பழகிடும்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

எல்லாம் ஒன்றாக இல்லை. வந்த முதல் நாளே அது அக்காவிடம் கேள்வியாகக் கேட்டது. கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா? அறிவிப்புகள் அனுப்பட்டுமா? எப்போதும் என்னையே பயன்படுத்துவீர்களா? கடைசிக் கேள்விக்கு அக்கா வாய்விட்டே பதில் சொன்னார்: "முதல்ல வந்த வேலையைப் பாரு. அப்புறம் உறவு கொண்டாடலாம்."

அதைவிடப் பெரிய தலைவலி 'ழ'. எழுதும் பெட்டிக்குள் கர்சர் இருக்கிறவரை அந்த விசை ழ. கர்சர் பெட்டியை விட்டு வெளியே நழுவிவிட்டால் அதே விசை வெறும் சாய்கோடு. சாய்கோட்டைத் தட்டினால் இந்தப் பிரவுசர் அடியில் ஒரு தேடல் பட்டையைத் திறந்துவைத்துக்கொண்டு, அடிப்பதையெல்லாம் அங்கே வாங்கிக்கொள்ளும். தலைவர் "வாழ்க்கையில்" என்று தொடங்கினால் திரையில் ஒன்றும் வராது. இங்கே பட்டை திறந்து வாழ்க்கையின் பின்பாதியைத் தேடிக்கொண்டிருக்கும். "என்னத்தைத் தொலைச்சுது இது? ழ போட்டா தேடுது!" அக்கா விடவில்லை. கர்சர் ஏன் நழுவுகிறது என்று அடித்து அடித்துப் பார்த்தார். தன் கீபோர்டின் விளிம்பு மடிக்கணினியின் தொடுபரப்பில் உரசுகிறது என்று பிடித்துவிட்டார். இனிப்புப் பெட்டி மூடியை வெட்டி அந்தப் பரப்பின்மேல் ஒட்டியதும் ழ வாலைச் சுருட்டிக்கொண்டது.

பேக்ஸ்பேஸ் அப்படி மசியவில்லை. 'கே' போடும்போது விரல் ஒரு வரிசை கீழே இறங்கினால் 'கெ' விழும். வேகத்தில் யாருக்கும் நடப்பதுதான். பழைய பிரவுசரில் பேக்ஸ்பேஸைத் தட்டினால் ஒற்றைக்கொம்பு மட்டும் கழன்று 'க' அப்படியே நிற்கும். அதற்கு இரட்டைக்கொம்பை மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். புதியது கொம்போடு எழுத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். அதை அறியாத விரல் கொம்பைப் போடும். மாட்ட எழுத்தில்லாமல் அது தனி 'ஏ' ஆக வந்து நிற்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை திரையில் கொட்டை எழுத்தில் ஓடியது: "ஏள்வி இருந்தால் கேட்கலாம்."

ஏள்வியை அழிக்கப் போய் அடுத்த சொல்லும் போயிற்று. அதை மீட்பதற்குள் தலைவர் இரண்டு வாக்கியம் தாண்டிவிட்டார். ஆபீஸில் இன்னும் பழைய பிரவுசர்தான் என்பது இன்னொரு கொடுமை. "ஆறு நாள் அம்மா வீடு, ஒரு நாள் மாமியார் வீடு. கை எப்படி சார் பழகும்?" என்று கம்ப்யூட்டர் சாரைப் பிடித்துக்கொண்டார்.

"அது அந்த பிரவுசரோட குணம் மேடம். மாத்த முடியாது."

"குணத்தை மாத்த முடியாதுன்னு எனக்கு நீங்க சொல்லணுமா? நான் கல்யாணம் ஆனவ சார்."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அக்காவுக்கு உள்ளே கிலி. திரை பின்தங்க ஆரம்பித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவர் தன் மாமனார் வீட்டு நாய் பற்றி ஏதோ சொல்ல, கூடம் குலுங்கி ஓய்ந்து, அவர் அடுத்ததாக, காலமான உறுப்பினர் ஒருவரைப் பற்றிக் குரல் தழுதழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் நாய் திரைக்கு வந்தது. வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். தன் குரல் எவ்வளவு பெரிது என்று அவருக்கு எப்படித் தெரியும்? கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த முகங்களைப் பார்த்து அவர் சிரிப்பை நடுவிலேயே நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: "இனிமே நான் வரல. நீ போயிட்டு வா."

"ஏன்?"

"செத்தவனைப் பத்திப் பேசும்போது சிரிக்கிறவன்னு பேரு வாங்கியாச்சு. போதும்."

அக்கா ஒரு தாளை எடுத்தார். கையெழுத்தில் பெரிதாக எழுதி அவர் முன்னால் வைத்தார்: 'நீங்க வர்றீங்க. அதுக்கு வழி பண்றது என் பொறுப்பு.' எழுதிய தாளை அவர் திருப்பித் தள்ளினார். அக்கா அதைத் திரும்பவும் அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

மறுநாளிலிருந்து சாயங்காலங்களில் பயிற்சி. சங்கத்து மடிக்கணினியைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். வீட்டுக்காரர் செய்தித்தாளை உரக்கப் படிக்கவேண்டும், அக்கா அடிக்கவேண்டும். உரக்க என்றால் அவருக்கு அளவு கிடையாது. விலைவாசி, வானிலை, விளையாட்டு எல்லாம் தெருமுனைவரை போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் செய்தித்தாள் வாங்குவதையே நிறுத்திவிட்டார் என்று பேச்சு. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார். புதியதன் குணத்துக்கு விரலை வளைத்துப் பார்த்தார். காலையில் ஆபீஸுக்குப் போனால் விரல் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். சாயங்காலம் மறுபடி முதலிலிருந்து. ஒருநாள் ஆத்திரத்தில் கீபோர்டைத் துண்டில் சுற்றி அலமாரிமேல் போட்டுவிட்டு, கை கழுவிவிட்டு வந்து, மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வீட்டுக்காரர் படித்துக்கொண்டே ஓரக்கண்ணால் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் தாளை மடித்துவைத்தார்.

"நீ ஏன் அழிக்கிறே?"

அக்கா உதட்டைப் பெரிதாக அசைத்துச் சொன்னார்: "தப்பு விழுந்தா?"

"விழட்டுமே. 'கெள்வி'ன்னு இருந்தா எனக்குக் கேள்வின்னு தெரியாதா? தப்பை நான் பாத்துக்கறேன். நேரம் போயிடுச்சுன்னா அதை யாரு திருத்துவா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் பிரவுசர்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தார். தாமதத்தில் பாதி அதனுடையது. மீதி, தப்பை வெளியே காட்டப் பொறுக்காத தன்னுடைய சுண்டுவிரலினுடையது. தப்போடு அடித்ததைக் கூடமே பார்க்கும்படி சுவரில் விடுவதா? மற்றவர்களுக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். அக்காவுக்கு அது பொட்டில்லாமல் தெருவில் இறங்குவதற்குச் சமம்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குமுன் ஒரு ஹேர்பின்னை எடுத்து வந்து பேக்ஸ்பேஸ் விசையின் மூடியை நெம்பி எடுத்தார். 'டக்'கென்று வந்துவிட்டது. அடியில் ஒரு சின்ன முளை மட்டும் நின்றது. மூடியைச் சில்லறைப் பர்ஸில் போட்டு ஜிப்பை இழுத்தார். அடுத்த தடவை வந்த கம்ப்யூட்டர் சார் அந்தப் பொக்கைவாயைப் பார்த்து, தலைமேலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"என்ன மேடம் இது, பல்லைப் பிடுங்கிட்டீங்க?"

"அது பழகாது சார். அதோட குணத்தை மாத்த முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. நான்தான் பழகிக்கணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்தார். வந்தார் என்பதைவிட, அக்கா சட்டையை இஸ்திரி போட்டுக் கதவிலேயே மாட்டிவைத்துவிட்டதால் வேறு வழியில்லாமல் கிளம்பினார் என்பதே சரி. முன் வரிசையில் உட்காராமல் சுவரோரமாகப் போனவரை அக்கா கண்ணாலேயே முன்னால் தள்ளினார்.

அன்றைக்கு ஒரு விருந்தாளி. கூடத்துக்குப் புது நாற்காலிகள் வாங்கிக் கொடுத்த டைல்ஸ் கடை முதலாளி. விறைப்பான மனிதர். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அவரோ நீளக் குடை ஒன்றை முழங்கால்களுக்கு நடுவே நட்டுவைத்து, அதன் பிடிமேல் இரண்டு கைகளையும் அடுக்கிக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தார். மழையோ வெயிலோ, அது இல்லாமல் அவர் கடையை விட்டு இறங்குவதில்லையாம்.

கூட்டம் தொடங்கியது. திரையில் தப்புகள் ஓடின. 'வணக்கம்' ஒரு மெய்யை இழந்தது, 'நன்றி' கொஞ்சம் நொண்டியது. ஒவ்வொன்றுக்கும் அக்காவின் காது மடல் சிவந்தது. ஆனாலும் திரை தலைவரின் வாயை விட்டுப் பிரியவில்லை. தலைவர் தொண்டையைக் கனைத்து, குரலில் மரியாதையைக் கூட்டிக்கொண்டு, விருந்தாளி பக்கம் கையை நீட்டினார்.

"இந்த நாற்காலிகளை நமக்கு மனமுவந்து தந்திருக்கிற கொடை வள்ளல்..."

'கொ' போடுகிற விரல் ஒரு வரிசை மேலே ஏறிவிட்டது. சுவரில் பெரிதாக வந்து நின்றது: "இந்த நாற்காலிகளை நமக்கு மனமுவந்து தந்திருக்கிற குடை வள்ளல்".

முதல் சிரிப்பு முன் வரிசையிலிருந்து வந்தது. வீட்டுக்காரர் திரையைப் பார்த்தார், மேடையில் குடையைப் பார்த்தார், தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். காது முழுக்கப் போன மற்றவர்களும் அவரோடு சேர்ந்து குலுங்கினார்கள். திரையைப் பார்க்காமல் கருவி மாட்டிக் காதால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மட்டும் ஒன்றும் புரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் பேச்சை நிறுத்தி, மேடையிலிருந்து குனிந்து வீட்டுக்காரரின் தோளைத் தொட்டார்.

"என்ன? என்ன சொன்னாங்க?"

வீட்டுக்காரருக்கு அந்த உதட்டசைவைப் படிக்கச் சிரமமே இல்லை. ஊரில் எல்லாரிடமும் அவர் கேட்ட கேள்வி அது. கண்ணைத் துடைத்துக்கொண்டே திரையைக் காட்டினார்.

மூலையில் அக்காவின் சுண்டுவிரல் கிளம்பிப் போய் அந்த மொட்டை முளைமேல் நின்றது. நின்றதே தவிர அழுத்தவில்லை. பிறகு மெல்லத் தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. அக்கா என்டரைத் தட்டி, தலைவர் கேட்டதையும் ஓர் எழுத்து விடாமல் அடுத்த வரியில் அடித்தார்: "என்ன? என்ன சொன்னாங்க?"