ஓர் இழுப்புக்கு இரண்டு அட்டை

ஏகாம்பரத்தின் கண்ணில் எந்தப் பழுதும் இல்லை. பழுது நான் மாட்டிய கொக்கியில் இருந்தது. ஆறு வருடங்களாக இதை ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்... சொல்லும்போதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. அதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

காஞ்சிபுரத்துத் தறிகளின் மேல் இருந்து புடவைக்கு உருவம் எடுத்துத் தரும் ஜக்கார்டு பெட்டிகளைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. துளையிட்ட அட்டைகள் மாலையாகக் கோக்கப்பட்டு அதில் சுற்றும். ஒரு மிதிக்கு ஓர் அட்டை முன்னே போகும். புடவையில் மயில் ஓர் இழை வளரும். இழை தவறிவிட்டால் நெசவாளர் அதைப் பிரித்தெடுத்துவிட்டு, பக்கத்தில் தொங்கும் கயிற்றை ஒருமுறை இழுப்பார். ஓர் அட்டை பின்னே வரும். ஓர் இழைக்கு ஓர் இழுப்பு. கை தானாகச் செய்கிற வேலை. யாரும் நிமிர்ந்து அட்டையைப் பார்ப்பதில்லை.

ஏகாம்பரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு முதலாளி வீட்டுத் தறியில் இருபது வருடம் நெய்தவர். அவர் பெட்டியில் அட்டை சில சமயம் முன்னே நகராமல் நின்றது. நான் போய்ப் பழைய கொக்கியைக் கழற்றி, என் கையால் அராவிய புதுக் கொக்கியை மாட்டினேன். ஐம்பது முறை மிதித்துப் பார்த்தேன். ஒருமுறைகூட நிற்கவில்லை. எனக்கு அப்படியொரு பெருமை!

பின்கயிற்றை இழுத்துப் பார்த்தேனா? இல்லை... அதில்தான் கோளாறே இல்லையே, எதற்குப் பார்க்க வேண்டும்?

என் கொக்கி சற்று நீளம். முன்னே ஒன்று போனது. பின்னே இழுத்தால் இரண்டு வந்தது.

அவர் ஒரு பிழையைத் திருத்திய இடத்திலெல்லாம் இன்னொரு பிழை விழுந்தது. அந்தத் தறியில் புடவையின் நல்ல பக்கம் கீழே இருக்கும். அறுத்து விரித்தபோதுதான் தெரிந்தது. கல்யாணப் புடவை, முந்தானையில் மயில் கழுத்துகள் கண்டமாலை வந்ததுபோல் புடைத்திருந்தன. முதலாளி கத்தவில்லை, கண்ணை டாக்டரிடம் காட்டச் சொன்னார். ஏகாம்பரம் கண்ணாடி போட்டுக்கொண்டு நெய்தார். அடுத்த புடவையும் அப்படியே வந்தது.

பெட்டியைப் பார்க்க என்னை அழைத்தார்கள். கயிற்றை இழுத்தேன். இரண்டு அட்டை வந்தது. அந்த வீட்டுத் தறிகள் எல்லாவற்றின் பழுது வேலையும் என் கையில் இருந்தது. பாழானவை இரண்டு பட்டுப்புடவைகள், சொன்னால் விலை என் தலையில் விழும்!

ஏகாம்பரம் பக்கத்தில் நின்றிருந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளாம். இவர் ஆடத் தெரிந்தவர். கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தும் தன்னைத்தான் குறை சொன்னார்.

"பொட்டியில ஒண்ணும் இல்ல இல்லபா? எனக்கே தெரியுது. கண்ணு போய்கினு இருக்குது."

"பொட்டி நல்லாதான் இருக்குதுண்ணா" என்றேன்.

இதுதான் நான் செய்தது. கொக்கி தெரியாமல் நடந்தது. இது தெரிந்து சொன்னது.

அமாவாசை வந்தது. அன்று ஊரில் ஒரு தறியும் ஓடாது. எண்ணெய் விடுகிறேன் என்று சொல்லி உள்ளே போய், பையில் கிடந்த பழைய கொக்கியை முனை தீட்டி மறுபடி மாட்டினேன். இனி அவர் புடவை சரியாக வரும், ஊர் வாயும் மூடிவிடும் என்று நினைத்தேன். என்ன சாமர்த்தியம் என்னுடையது!

மறுநாள் அந்தத் தறிக்குழியில் இறங்கியது வேறு ஆள். முதலாளி ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். புது ஆளின் புடவை ஒரு குறையும் இல்லாமல் வந்தது. அதே பெட்டி, அதே அட்டை, ஆள்தான் வேறு... பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? நான் செய்த திருத்தமே அவர் கண்ணுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. எந்த முதலாளியும் அவருக்குத் தறி கொடுக்கவில்லை.

இப்போது அவர் வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையில் நெல் துழாவுகிறார்.

போன வாரம் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். எதிரே நின்ற பஸ்ஸின் பலகையைப் பார்த்து 'வாலாஜாபாத்' என்று தெளிவாகவே வாய்க்குள் படித்தார். படித்துவிட்டு என் தோளைத் தொட்டார்.

"இது வாலாஜாபாத் பஸ்தானேபா? என் கண்ண நான் நம்பறதில்ல."

சொல்லியிருக்கலாம். பஸ் புறப்பட இன்னும் நேரம் இருந்தது.

"ஆமாண்ணா" என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். நல்லா இருபா என்றார்.