ஹெல்மெட் போட்ட மாப்பிள்ளை

பழுத்த பலாவின் வாசனையும் சூடேறிய பிரேக்கின் கருகல் வாசனையும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் என்று கொல்லிமலைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வளப்பூர் நாட்டுப் பக்கம் அந்த வாசனைதான் வீசும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, வருஷத்துக்கு ஒரு தடவை சேலம், கோயமுத்தூர், பெங்களூர் என்று எங்கிருந்தெல்லாமோ நூற்றுக்கணக்கில் பைக்குகள் ஒரே நாளில் மலையேறி வரும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டியைச் சாய்த்து ஓட்டிப் பார்க்க அவர்களுக்கு ஆசை. அன்றைக்கு பஸ் நேரத்துக்கு வராது, மேயப்போன கோழி வீடு திரும்பாது. "டுர்ருக்காரங்க" என்று ஊரில் அவர்களுக்குப் பெயர் வைத்திருந்தோம். அந்தப் பெயரை யாரும் அன்பாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் கடைசித் தங்கைக்கு, முகூர்த்தம் வைத்துத் தொலைத்தார்கள். பைக்குகள் வரப்போவது எங்களுக்குத் தெரியாது. கல்யாணம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்கிற வழக்கமே அப்போது இல்லை.

மாப்பிள்ளை அடிவாரத்து ஊர்க்காரர். அவரையும் சொந்தக்காரர்களையும் மினி பஸ்ஸில் கூட்டிவர அப்பா போனபோது, நானும் பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொற்றிக்கொண்டேன். மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் ஆரம்பம் முதலே இஷ்டமில்லை. "பொண்ணெடுக்க மலை ஏறித்தான் ஆகோணுமா?" என்று முதல் வளைவிலேயே முனகத் தொடங்கியவர், பாதி மலையில் பஸ் நின்றதும் வாயை நன்றாகவே திறந்துவிட்டார்.

பஸ் நின்றதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. வளைவுக்கு நடுவில் வண்டிகளை நிறுத்திவிட்டு ஒரு கூட்டம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. அந்த வளைவில் பஸ் திரும்ப ரோட்டின் முழு அகலமும் வேண்டும். அவர்கள் நகர்வதற்குள் இறங்கி வந்தவர்களும் பின்னால் ஏறி வந்தவர்களும் கிடைத்த சந்திலெல்லாம் நுழைந்து, முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் போக முடியாமல் ஆகிவிட்டது. பத்தரைக்குள் தாலி கட்டியாக வேண்டும்.

"சகுனமே சரியில்லீங்க. நேரந் தவறிப்போச்சுன்னா நாங்க இப்படியே திரும்பிக்கறோம்" என்று பெரியப்பா அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அத்தைக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் நிச்சயம் வரைக்கும் வந்து முறிந்திருந்தது. இதுவும் போனால் அவள் கதி என்ன என்று, விவரம் தெரியாத எனக்கே கவலை வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் ஒரு பெண் சப் இன்ஸ்பெக்டர் விசில் ஊதியபடி, பைக்குகளுக்கு இடையில் புகுந்து புகுந்து மேலிருந்து நடந்து வந்தார். விசிலுக்கு யாரும் அசையவில்லை. அசைய இடமில்லை என்பதுதான் உண்மை. பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தவர், மாலையும் கழுத்துமாக வேர்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையைக் கண்டதும் முகூர்த்த நேரத்தைக் கேட்டார். பிறகு வளைவில் முன்னால் பைக்கோடு நின்ற ஒரு தாடிக்காரரிடம் திரும்பினார்.

"பஸ்ஸை எடுக்க ரொம்ப நேரமாவும். ஆளுங்களை நீங்க ஏத்திக்கிட்டுப் போங்க. ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் உங்களுக்கு எதுக்கு?"

தாடிக்காரர் கோயமுத்தூர்ப் பக்கம். முதுகில் மண்டையோடு வரைந்த ஜாக்கெட் போட்டிருந்தார். அவர் ஒவ்வொரு வண்டியாகப் போய்ச் சொல்லச் சொல்ல, மேலே இருந்தவர்கள் மலைப்பக்கமாக ஒட்டி நின்றார்கள்; ஒரு பைக் போகிற அகலத்துக்கு வழி பிறந்தது. ஹெல்மெட் இல்லாமல் ஒருத்தரையும் அனுப்ப மாட்டேன் என்று சப் இன்ஸ்பெக்டர் பிடிவாதமாக நின்றார்; ஒதுங்கி நின்றவர்கள் தங்கள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை தலைப்பாகையைக் கழற்றத் தயங்கியதும், "தாலி கட்டப் போறவருக்குத் தலை வேணுமில்லீங்க?" என்றார். பஸ்ஸுக்குள் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

பெரியப்பா மட்டும் இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். "ஏனுங்க பெரியப்பா, எங்கூர்லயும் பெரியப்பா வராமத் தாலி கட்ட மாட்டாங்க. மெதுவாத்தான் போவேன், வாங்க" என்று தாடிக்காரர் கூப்பிட்டார். தான் இல்லாவிட்டால் தாலி கட்ட முடியாது என்று ஒருத்தர் வாய்விட்டுச் சொன்னது போதும் மனுஷனுக்கு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி, அந்த மண்டையோட்டை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கோயில் வாசலில் மாலையோடும் ஹெல்மெட்டோடும் இறங்கிய மாப்பிள்ளையைப் பார்த்து அத்தை சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அழுதாளா சிரித்தாளா என்று அம்மாவுக்கு இன்றைக்கும் சந்தேகம். குறித்த நேரத்துக்குள் தாலி ஏறியது. பந்தியில் தாடிக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்ட பெரியப்பா, "இன்னுங் கொஞ்சம் வேகமாப் போயிருக்கலாமுங்க" என்று குறை வேறு சொன்னார்.

அடுத்த வருஷம் பைக்குகள் வருவதற்கு முன்பே அந்த சப் இன்ஸ்பெக்டர் ஊர்க்காரர்களையும் பைக்குக்காரர்களையும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்துப் பேசினார். வளைவில் யாரும் நிற்கக் கூடாது, பஸ்ஸுக்கு முதலில் வழி, ஏறுகிறவர்கள் ஏறி முடித்த பிறகுதான் இறங்குகிறவர்கள் என்றெல்லாம் முடிவானது. குறுகலான வளைவுகளில் ஊர்க்காரர் ஒருத்தரும் பைக்குக்காரர் ஒருத்தரும் சேர்ந்து நிற்பார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் கேட்டது, "அந்த வாரத்துல ஊர்ல கல்யாணம், காதுகுத்து ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றுதான். அவர் மாற்றலாகிப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் யாரும் அந்தக் கேள்வியை விடவில்லை.

இப்போதும் அதே நூற்றுக்கணக்கில் வருகிறார்கள், கருகல் வாசனையும் வருகிறது. "டுர்ருக்காரங்க" என்ற வசவுதான் காணாமல் போய்விட்டது. எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு சொல் இருந்ததே தெரியாது.

இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் நடந்த அந்தக் கூட்டத்துக்கு அத்தையோடு நானும் போயிருந்தேன். வழக்கமான கேள்வியைக் கேட்டதும் அத்தை எழுந்து, "இருக்குதுங்க, எங்கண்ணன் மவளுக்கு" என்றாள். மலையேற நாள் குறித்து எல்லாருக்கும் சொல்லியாயிற்றே என்று பைக்குக்காரர்கள் பக்கம் ஒரே முணுமுணுப்பு. என்னால் தலை நிமிர முடியவில்லை. தாடி நரைத்துப் போன அந்தக் கோயமுத்தூர்க்காரர் போனை எடுத்து, "அப்ப நாங்க அடுத்த வாரம் வாரோமுங்க" என்று அங்கேயே எல்லாருக்கும் செய்தி அனுப்பினார்.

ஆக, என் மாப்பிள்ளை ஒரு சிக்கலும் இல்லாமல் பஸ்ஸிலேயே வந்து இறங்குவார். எனக்குத்தான் அதில் கொஞ்சம் வருத்தம்.