என் கணினியில் எனக்கில்லாத அனுமதி

மஸ்கட்டிலுள்ள மகள் ஞாயிறுதோறும் பேத்தியை வீடியோவில் காட்டுவாள். குழந்தை இந்த வாரம்தான் நடக்கத் தொடங்கியிருக்கிறாள். இன்று பார்த்து, புதிய பதிப்பை நிறுவினால்தான் திறப்பேன் என்றது மென்பொருள். நிறுவப் போனால், ‘நிர்வாகியை அணுகவும்’ என்றது.

14.1.2007 அன்று நான் வாங்கிய கணினி இது.

ஆட்டோவில் ஏற்றி, மேற்குத் தாம்பரத்தில் அதை விற்றவரிடமே கொண்டுபோனேன்.

“பில்லு உங்க பேர்லதான் கீது சார். அட்மின் உங்க பையன் பேர்ல கீது. பாஸ்வேர்டு இல்லாம நான் இன்னா பண்றது?”

அங்கிருந்தே மகனை அழைத்தேன். சிறுசேரி அலுவலகத்தின் அத்தனை கணினிகளையும், அவற்றின் முன் அமர்ந்திருப்பவர்களைக் கேட்காமலேயே தாமாகப் புதுப்பித்துக்கொள்ள வைப்பதுதான் அவன் உத்தியோகம்.

“நீங்க லிமிட்டட் யூசர்ப்பா. வைரஸ் வராம இருக்கத்தான் அப்படி வெச்சேன். சனிக்கிழமை வந்து போட்டுத் தரேன்.”

“பாஸ்வேர்டைச் சொல்லு, நானே போட்டுக்கறேன்.”

“சொன்னா எதையாவது அமுக்கிடுவீங்க.”

இதற்கு முன் வருவதாகச் சொல்லி அவன் வராத சனிக்கிழமைகள்: ஆகஸ்ட் 2, 9, 16.

வீடு திரும்பி, கடவுச்சொல்லை நானே ஊகித்துப் பார்த்தேன். என் பிறந்த தேதி இல்லை. எங்கள் திருமண நாளும் இல்லை. பெற்றோரை நினைத்து அவன் அதை வைக்கவில்லை என்பதுவரை தெளிவாகிவிட்டது. பிள்ளைகள் வேறு எதை வைப்பார்கள் என்று அறிந்தவர்கள் கீழே எழுதலாம்.